சுடுதண்ணியரின் நாரி

தென் லண்டனில் குடியிருக்கும் தமிழர்களில் அநேகமாக எல்லாருடைய நாக்கையும் நேரில் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டாக்டர் அல்ல. மீன் பெட்டி தூக்கினவர். தோர்ண்டன் ஹீத்திலிருந்து நோர்பரி வரைக்கும் கோயில், கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடு, செத்தவீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் வந்துவிடுவார். வந்ததும் சுகம் விசாரிக்க மாட்டார். "எங்கை, நாக்கை நீட்டும் பாப்பம்" என்பார். இரண்டு வருடமாக வெம்பிளியில் மகள் வீட்டோடு இருக்கிறார். அந்தப் பக்கத்து நாக்குகளின் நிலைமை இப்போது என்னவென்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் அவரிடமிருந்து வெகுகாலம் தப்பித்து வந்த நாக்கு ஒன்றே ஒன்று. அது என்னுடையது. கவுன்சில் அலுவலகத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்காருகிற ஒருவன், பஸ் தரிப்பில் நாலு பேர் பார்க்க நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதா? கேட்கும் போதெல்லாம் வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன். அவரும் விடமாட்டார். "வாயை மூடுறவனுக்குத்தான் தம்பி உள்ளுக்கை வருத்தம்" என்பார்.

அவருக்கும் அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் கையில் ஃபிளாஸ்க் இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. அந்த ஃபிளாஸ்கில் சுடுதண்ணி தவிர வேறு எதையும் கண்டவரும் இல்லை. லண்டனே வெயிலில் வெந்து, வெள்ளைக்காரர் பூங்காவில் அரைகுறையாகப் படுத்துக் கிடக்கிற ஜூலை மாதத்திலும் ஆவி பறக்க ஊற்றிக் குடிப்பார். எங்கள் ஆட்கள் அவருக்குச் சுடுதண்ணி என்று பெயர் வைத்தார்கள். வயதுக்கு மரியாதை குறையக் கூடாதே என்று பின்னால் ஒரு 'யர்' சேர்த்தார்கள். கடைசியில் அவருடைய மனைவி பவளக்காவே தொலைபேசியை எடுத்து, "சுடுதண்ணியர் வீட்டிலை இல்லை" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய நாரி. நாரி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் முதுகின் அடிப்பகுதி. இருக்கிற வரைக்கும் இருப்பதே தெரியாது. பிடித்துக்கொண்டால் உலகத்தில் அதைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

அவர் வேலை செய்தது மீன் மொத்தமாக விற்கிற ஒரு கடையின் கோல்ட் ரூமில். ஒரு குளிர்காலக் காலையில் பெட்டி ஒன்றைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பெட்டியை எடுத்துவிட்டார்கள், ஆளை நிமிர்த்த முடியவில்லை. கடையின் வான் வண்டியில், விளைமீன் பெட்டிகளுக்கு நடுவில், அதே வளைவோடு வைத்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். கதவைத் திறந்த பவளக்கா, "என்னத்தை விழுத்திப்போட்டுத் தேடுறியள்?" என்று கேட்டாராம்.

டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் வீக்கம் என்றார். வலி மாத்திரை கொடுத்தார். உடற்பயிற்சி சொல்லித் தருகிறவரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். "நிக்க ஏலாதெண்டுதானே வந்தனான், பேந்தென்ன வரிசையிலை நிக்கச் சொல்லுறியள்?" என்று இவர் கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்கப் போன மகள் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள்.

வேலைக்குப் போக முடியவில்லை என்பது அவரை அவ்வளவு வாட்டவில்லை. வாட்டியது வேறு. எங்கள் கோயில் தேர்த் திருவிழாவில் சாமியைக் கோயில் வாசலிலிருந்து தெருமுனையில் நிற்கும் தேர் வரைக்கும் தோளில் காவிக்கொண்டு போவார்கள். முன் தடியின் வலப்பக்கம், கோயில் தொடங்கிய நாள் முதல் அவருடைய தோளுக்குத்தான். அந்த வருடம் கோயில் தலைவர் அவரைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் மேற்சட்டையைக் கொடுத்து, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சாமி வெளியே வந்த நேரத்தில் இவர் ஒரு நீலக் காரைப் பின்பக்கமாக எடுப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் சாமியைக் கும்பிட்டபடி மறுகையால் "வா, வா" என்று காட்டினார். வந்தது கார் மட்டும்தான்.

அன்றைக்கு அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் நான். இறங்கும்போது, "அடுத்த முறை சாமிக்கு நான் தோள் குடுக்கவேணும் தம்பி. அதுக்கு எந்தப் பேயிட்டையும் போவன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரைக் கேலி செய்யும் உரிமையை அன்றோடு பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

பேயிடம் போகவில்லை. சேலைக்கடைக்கும் முடிதிருத்துகிற கடைக்கும் நடுவில், கண்ணாடியில் மனித உடம்புப் படம் ஒட்டிய ஒரு சீன வைத்தியசாலை இருந்தது. அங்கே போனார். காரில் கூட்டிப்போனதும் நான்தான். வைத்தியர் ஒரு சீனத்துப் பெண்மணி. ஒல்லியாக, கண்டிப்பான வாத்தியார் மாதிரி இருப்பார். இவர் நாரியைத் தொட்டுக் காட்டினார். அவரோ நாக்கை நீட்டச் சொன்னார்.

"நோகிறது பின்னுக்கு. இவ முன்னுக்குப் பாக்கிறா" என்று சுடுதண்ணியர் என்னிடம் முறைப்பட்டுவிட்டு நீட்டினார். நாக்கைப் பார்த்து, இரண்டு கையிலும் நாடி பிடித்து, "கோல்ட். டாம்ப்" என்றார் சீன வைத்தியர். குளிரும் ஈரமும் மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது, சிறுநீரகத்தின் பலமும் குறைந்திருக்கிறது, அதுதான் நாரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கைச் சாடையும் ஆங்கிலமுமாக விளக்கினார். சுடுதண்ணியர் அசந்துபோனார். "கோல்ட் ரூமிலை வேலை எண்டு நான் வாயே திறக்கேல்லை. என்ரை நாக்கே சொல்லிப்போட்டுது பாரும்!" என்றார். அவருடைய சட்டையை விட்டு இன்னும் போகாத மீன் வாசம் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஊசி. நாரிக்கு வருத்தம், ஊசி ஏறியது புறங்கையில். அதோடு விட்டாரா? ஊசி குத்தினபடியே அறைக்குள் நட, இடுப்பைச் சுழற்று என்று உத்தரவு. இவர் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்த நேரம், கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்ற என்னுடைய காருக்குப் பக்கத்தில் தண்டச்சீட்டு எழுதுகிறவர் வந்துகொண்டிருந்தார். நான் எழும்புவதற்கு முன் சுடுதண்ணியர் தெருவில் நின்றார்.

"சேர்! வெயிட்! நாரி எமெர்ஜென்சி!" என்று கத்தியபடி கையை நீட்டினார். புறங்கையில் ஊசிகள் ஆடின. சீட்டு எழுத வந்தவர் அதைப் பார்த்தார். இரண்டு எட்டுப் பின்வாங்கினார். பேனையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

பின்னால் ஓடிவந்த சீன வைத்தியர் அவரை உறுக்கின உறுக்கில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் சுடுதண்ணியருக்கு அது காதில் விழவில்லை. "தம்பி, நான் ஓடினனான். கண்டனீரோ? நிமிந்து ஓடினனான்!" என்று ஊசிக் கையால் என் தோளைப் பிடிக்க வந்தார். நானும் இரண்டு எட்டுப் பின்வாங்கினேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வலி திரும்பி வந்துவிட்டது என்பது வேறு கதை. நம்பிக்கை வந்துவிட்டது. பச்சைத்தண்ணி குடிக்காதே, நாரியைச் சூடாக வைத்துக்கொள் என்று சீன வைத்தியர் சொன்னதை அவர் தனக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்ச் சமுதாயத்துக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"குளிர் எண்டது சொந்தக்காரர் மாதிரி" என்று கல்யாண மண்டபத்தில் குளிர்பான மேசைக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்வார். "ஒருநாள் எண்டு உள்ளை விட்டியளோ, பேந்து கிளப்பேலாது." பிள்ளைகள் கையில் இருக்கும் சோடாவைப் பறித்துச் சுடுதண்ணி ஊற்றிக் கொடுப்பார். ஒருமுறை மணமேடையிலேயே ஏறி, மாப்பிள்ளையின் நாக்கைப் பார்த்துவிட்டார். "வெள்ளை படிஞ்சிருக்கு. ஈரம் கூட. நாரி கவனம்" என்று ஒலிபெருக்கிக்குக் கிட்ட நின்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்க்கு வேர்த்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை மேடைக்கு வருமுன் களவாக ஐஸ்கிறீம் தின்ற விஷயம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

அடுத்தது புகை. காய்ந்த மூலிகை இலையைச் சுருட்டு மாதிரி உருட்டிக் கொளுத்தி, தோலில் படாமல் நாரிக்குக் கிட்டப் பிடித்துச் சூடு காட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. வைத்தியசாலையில் பக்குவமாகச் செய்வார்கள். இவர் வீட்டில் பவளக்காவிடம் ஒரு சுருட்டைக் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். புகை கூரைக்குப் போனது. எச்சரிக்கை மணி அலறியது. கட்டடத்தில் இருந்த அத்தனை குடும்பமும் தெருவுக்கு இறங்கியது. தீயணைப்பு வண்டியும் வந்தது. எது எரிகிறது என்று தீயணைப்புக்காரர் கேட்க, பவளக்கா கையில் சுருட்டோடு, நாரிக்கு ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடித்து, அமைதியாகச் சொன்னார்: "மை ஹஸ்பண்ட்ஸ் பாக்."

நின்ற குடும்பங்களுக்கு எல்லாம் சுடுதண்ணியர் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார். அந்தக் குளிரில் யாரும் மறுக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள். பங்குனி உத்தரத்தன்று நடந்தது அப்படி இல்லை. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே போகவேண்டும். சுடுதண்ணியரும் கழற்றினார். முதுகு முழுவதும் கருஞ்சிவப்பு வட்டங்கள். கண்ணாடிக் குவளைக்குள் நெருப்பைக் காட்டி எடுத்துவிட்டு, சூட்டோடு முதுகில் கவிழ்த்தால் அது தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது வட்டமாகக் கன்றிப்போயிருக்கும். நாலைந்து நாளில் மறைந்துவிடும். ஆனால் இது எனக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியாது.

பூசை முடிவதற்குள் கதை மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. தொற்றுநோய் என்றார் ஒருவர். பொலிஸ் அடித்தது என்றார் இன்னொருவர். ஆனால் பெண்கள் பக்கத்தில் உருவான கதைதான் நிலைத்தது. அளவைப் பார், வட்டத்தைப் பார், அது அரிசி அளக்கிற சுண்டு. பவளம் சுண்டாலை அடித்திருக்கிறாள்! பவளக்கா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கோயில் தலைவர் சுடுதண்ணியரை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார். "ஐசே, உமக்கு நாரியும் சரியில்லை, முதுகும் சரியில்லை. சாமி காவுறவன்ரை உடம்பைச் சனம் பாக்கும். இந்தமுறையும் நீர் கார் பாக்கைப் பாரும்" என்றார். சுடுதண்ணியர் ஃபிளாஸ்கைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். அவர் குடிக்காமல் மூடினதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்குத் தலைவரின் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

வேறு ஒருவர் என்றால் விட்டிருப்பார். இவர் விடவில்லை. ஊசி, புகை, குவளை, வாயில் வைக்கமுடியாத கசப்புக் கஷாயம் எல்லாம் தொடர்ந்தன. வரிசையில் நின்ற பலனாக உடற்பயிற்சி ஆளும் ஒருவழியாகக் கிடைத்தார். அவரும் சீன வைத்தியரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: நாரியால் தூக்காதே, முழங்காலை மடித்துக் காலால் தூக்கு. சுடுதண்ணியர் தமிழ்க்கடைக்குள் போய் அரிசி மூட்டைக்கு முன்னால் முழங்காலை மடித்து எழும்பிப் பழகினார். வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வலி குறைந்துகொண்டு வந்தது. எதனால் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சீன வைத்தியம் என்பார். பவளக்கா, மீன்பெட்டி தூக்காமல் வீட்டில் இருந்ததால் என்பார்.

அந்தக் கோடையில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. சாமி காவுகிறவர்களில் ஒருவர் பார்சல் வான் ஓடுகிறவர், ஒருவர் தபால் மூட்டை பிரிக்கிறவர், ஒருவர் பெற்றோல் நிலையத்தில் நாள் முழுக்க நிற்கிறவர். யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாலும் "ஒரு அலுவல்" என்று வைத்துவிடுவார்கள். என்ன அலுவல் என்று நான் தோண்டவில்லை. அலுவலகக் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து சம்பாதித்த அலுவல் ஒன்று எனக்கும் இருந்தது.

தேருக்கு முதல் வாரம் சுடுதண்ணியர் என் வீட்டுக்கு வந்தார். "சீன டொக்டரோடை பேசிப்போட்டன். சாமி காவலாம், ஆனால் தபால் பெட்டி வரைக்கும்தான் எண்டிட்டா. அது பாதி வழி. அங்காலை நீர் தோள் மாத்தவேணும்" என்றார்.

"அண்ணை, தலைவர் உங்களை விடேல்லையே. பேந்தென்ன தோள் மாத்திறது?"

"சாமி ஓம் எண்டு சொன்னால்? அப்ப ஆளில்லாமல் நிக்கிறதோ?"

தலையை ஆட்டி, ஓம் என்றேன்.

தேர் அன்று காலை அவர் மஞ்சள் மேற்சட்டையோடு வாசலில் கார்களுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பிடிவாதத்துக்குப் பவளக்காவும் வந்திருந்தார். உள்ளே சாமி காவ நின்றவர்களைப் பார்த்தால் ஏதோ மாதிரி இருந்தது. எல்லாரும் சால்வையைக் கழுத்து முதல் இடுப்பு வரை இறுக்கப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். தலைவரும் அப்படித்தான். நானும்தான்.

ஐயர் தீபத்தோடு திரும்பினவர் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதென்ன, சாமிக்கு முன்னாலை போர்த்துக்கொண்டு நிக்கிறது? எல்லாரும் சால்வையை எடுத்து இடுப்பிலை கட்டுங்கோ!"

யாரும் அசையவில்லை. "குளிருது ஐயா" என்றார் தலைவர். ஜூலை மாதம், மண்டபத்துக்குள் நெருப்பு மாதிரி வெக்கை. ஐயர் தீபத்தைக் கீழே வைத்தார். "சாமி வெளிக்கிடாது" என்றார்.

தபால்காரர்தான் முதலில் கழற்றினார். பிறகு வான்காரர். பிறகு ஒவ்வொருவராக. வட்டங்கள். வரிசையாக எல்லா முதுகிலும் வட்டங்கள். பழையது, புதியது, மங்கினது, கறுத்தது. என்னுடையவையும் அந்த வரிசையில் இருந்தன. கடைசியாகத் தலைவர் கழற்றினார். எல்லாவற்றிலும் பெரிய வட்டங்களும் புத்தம் புதியவையும் அவருடையவைதான்; முதல்நாள்தான் சீன வைத்தியரிடம் போயிருக்கிறார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"இவ்வளவு பேருக்கும் நானோ சுண்டாலை அடிச்சனான்?"

பவளக்கா. ஐயர்தான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. மேளக்காரர் சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. நேராக வாசலுக்குப் போனார். சுடுதண்ணியரின் மஞ்சள் மேற்சட்டையைத் தன் கையாலேயே கழற்றி, வெறும் மேலில் தானே போட்டுக்கொண்டார். "போம். சாமி பாத்துக்கொண்டு நிக்குது" என்றார். தன் வட்டங்களை மறைக்க அவருக்கும் அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

சுடுதண்ணியர் முன் தடிக்கு வந்தார். அரோகரா சொல்லித் தூக்குவதுதான் வழக்கம். அவர் முதலில், "முழங்காலை மடியுங்கோ! நாரியை விடுங்கோ! காலாலை எழும்புங்கோ!" என்று குரல் கொடுத்தார். அத்தனை பேரும் மடிந்து எழும்பினார்கள்; தோள் மாற்ற நான் பக்கத்தில் நின்றேன். சாமி ஒரு பக்கமும் சரியாமல், நேராக, மெதுவாக மேலே போனது. அப்படி அது எழும்பி நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பிறகுதான் அரோகரா கேட்டது.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் சீன வைத்தியர் நின்றார். கையில் ஒரு ஃபிளாஸ்க். சாமியைப் பார்க்கவில்லை, சுடுதண்ணியருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி வந்ததும் கையைத் தூக்கி, "ஸ்டொப்" என்றார். இன்னும் நாலு எட்டு வைப்பார், அடம்பிடிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். முகம் முழுக்க வேர்வையும் கண்ணீரும். தடியைப் பக்குவமாக என் தோளுக்கு மாற்றினார். நாரியைத் தடவிப் பார்த்தார். நோகவில்லை என்று சீன வைத்தியருக்குத் தலையாட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, பாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"நாக்கை நீட்டும் பாப்பம்" என்றார்.

தெரு முழுவதும் சனம். என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர்கூட வேடிக்கை பார்க்க வந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார்கள். தோளில் சாமி. நான் நாக்கை நீட்டினேன். அவர் குனிந்து, வடிவாகப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார்.

டாக்டர்மார் எத்தனையோ பேர் எனக்குச் சுகம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது உண்மையென்று பட்டது அன்றைக்குத்தான்.